தூசிப் பையைத் தட்டுவது யார்?

பழைய மரச்சாமான்களுக்குப் புதுச்சேரியில் இருக்கும் மவுசு ஊரறிந்தது. இடித்த வீடுகளின் தேக்குக் கதவும் தூணும் இங்கே வந்து இறங்கி, இழைத்து, பாலிஷ் போட்டு, பிரெஞ்சுக் கால மேசை என்று விலை போகின்றன. மேசையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அதிலிருந்து உதிர்ந்த தூளைப் பற்றி நாம் பேசுவோம்.

நாலைந்து ஆசாரிகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த பட்டறையில் வட்ட ரம்பம், இழைப்பு எந்திரம், சாண்டர் எல்லாம் பொது. தூசி உறிஞ்சும் எந்திரமும் பங்கு போட்டு வாங்கியதுதான். ரம்பப் பல் மழுங்கினால் அன்றைக்கே சாணை பிடிக்கிறார்கள், இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். தூசிப் பை நிரம்பினால் எதுவும் நிற்பதில்லை.

பை அடைத்துக்கொண்டால் காற்றுக்கு வழியில்லை, உறிஞ்சும் வேகம் விழுந்துவிடுகிறது. மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டே இருப்பதால் எந்திரம் வேலை செய்வதாக எல்லோரும் நம்புகிறார்கள். குழாய் மூட்டு விரிந்திருக்கும், வளைவில் மரச்சுருள் தங்கியிருக்கும். பெருந்தூள் பையில் விழுகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்தூளோ சாதாரணத் துணிப்பை வழியாகப் பட்டறைக்கே திரும்பி வருகிறது. கம்ப்ரசர் காற்றடித்துப் பையைச் சுத்தம் செய்வது இதைவிட மோசம். பழைய கதவின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். உள்ளே ஒடிந்த ஆணியில் ரம்பம் பட்டுத் தெறிக்கும் பொறி உலர்ந்த தூளுக்குள் போனால் தீப்பிடிக்கும்.

இங்கிலாந்தின் ஹை விக்கம் வட்டாரத்து மரச்சாமான் தொழிலாளர்களிடம் மூக்குப் புற்றுநோய் அதிகம் என்பது 1960களிலேயே தெரிந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் 1995இல் சேர்த்தது.

சரி, பையை அவிழ்த்துத் தட்டுவது யார்? நாங்கள் போய்ப் பார்த்த பட்டறைகளில் கிடைத்த பதில் ஒன்றுதான்: "பையன் பாத்துக்குவான்." அந்தப் 'பையனுக்கு' முப்பது வயதுக்கு மேல். பக்கத்துச் சேரியிலிருந்து வருகிறவர். உளியை அவர் கையில் யாரும் கொடுத்ததில்லை, துடைப்பத்தைக் கொடுத்திருக்கிறார்கள். முகத்தில் ஒரு கைக்குட்டை. பை தட்டுவது வேலை முடிந்த பிறகு என்பதால் அந்த அரை மணி நேரத்துக்குக் கூலியும் கிடையாது. எந்திரம் எல்லோருக்கும் பொது, கழிவு மட்டும் ஒரு சாதியின் பங்கு! ஆசாரியும் அதே காற்றைத்தான் இழுக்கிறார், அவரைப் பகைப்பது நம் நோக்கமில்லை. ஆனால் தன் நுரையீரலுக்கும் உதவுகிற வேலையைக்கூட அவர் தொட மறுக்கிறாரே, அதற்குச் சாதியைத் தவிர வேறு காரணம் சொல்லுங்கள்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தூசி கிளம்பும் இடத்துக்கு அருகிலேயே அதை உறிஞ்ச ஏற்பாடு வேண்டும் என்றது. மின்சாரத்தில் இயங்கினால் 10 தொழிலாளர்கள் இருக்க வேண்டும் என்பது அதன் வரம்பாக இருந்தது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அதை 20 ஆக்கியது. எட்டுப் பேர் நிற்கும் பொதுப் பட்டறை இரண்டிலும் வராது. கேட்டால், எல்லோரும் சொந்தத் தொழில் செய்பவர்கள் என்பார்கள். பை தட்டுகிறவர் எந்தத் தொழிலுக்கு முதலாளி?

இதே ஊரில் 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை உரிமை அந்தப் போராட்டத்தில் வந்தது. ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். எட்டு மணி நேரமும் மரத்தூளைச் சுவாசிக்கிறவருக்கு அந்த மாலையால் என்ன பயன்?

பை மாற்றும் முறைப்பட்டியல் சுவரில் தொங்க வேண்டும், பங்குதாரர்கள் ஒவ்வொருவரின் பெயரும் அதில் வர வேண்டும். அந்த நேரம் கூலி நேரமாக வேண்டும். நல்ல வடிகட்டிக்கும் சரியான முகக்கவசத்துக்கும் ஆகும் செலவை வாடகையோடு சேர்த்துப் பங்கு போடட்டும். உளி பிடிக்கக் கற்றுக்கொடுப்பதும் நம் கோரிக்கைதான்.

பட்டறைகளுக்குப் போகும் தோழர்கள், தூசி எந்திரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பையைக் கடைசியாக மாற்றியது எப்போது, யார், அதற்குக் கூலி கொடுத்தார்களா என்று கேளுங்கள். பெயர்கள் வேண்டாம், பதில்களை மட்டும் எழுதி அனுப்புங்கள். தொழிலாளர் துறைக்குக் கொடுக்கப்போகும் மனுவில் சேர்த்துக்கொள்கிறோம்.