நிற்காத பேருந்து



மாட்ரிட் நகரிலிருந்து வழிகாட்டி ஒருவருடன் ஒரே நாளில் அவிலாவையும் செகோவியாவையும் கண்டு திரும்பினேன். அவிலாவின் பழம்பெரும் மதில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளமுடையது. 1515-இல் பிறந்த புனித தெரேசம்மாள், தம் முதல் சீர்திருத்த மடத்தை 1562-இல் அம்மதிலுக்கு வெளியே எளிய முறையில் நிறுவினார். 1577-இல், ஆன்மாவையே ஒரு கோட்டையாக உருவகித்து நூல் எழுதினார். அக்கோட்டையின் வாயில் செபமும் தியானமுமே என்றார்.

செகோவியாவில், உரோமையர் சாந்தின்றிக் கல்மேல் கல் அடுக்கி எழுப்பிய நீர்ப்பாலத்தின் அடியில் நெடுநேரம் நின்று படமெடுத்தோம். தெரேசம்மாளின் பணிக்குத் தோள்கொடுத்த புனித சிலுவை அருளப்பரின் கல்லறை, மதிலுக்கு வெளியே பள்ளத்தாக்கிலுள்ள மடத்தில் இருக்கிறது. அங்கே பேருந்து நிற்கவில்லை. "நேரமில்லை, சுவாமி" என்றார் வழிகாட்டி.

மனம் வருந்திற்று. ஆயினும் அவரைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. நற்கருணைப் பேழைமுன் ஆண்டவரிடமும், பங்கு இல்ல வாயிலில் வந்து நின்ற ஏழைகளிடமும் அச்சொல்லை நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! மாட்ரிட் திரும்பும்வரை செபமாலையைக் கையில் பிடித்தவாறே அமர்ந்திருந்தேன்.

பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளை ஏதோ சொல்ல வந்து அருகில் நின்றால், "நேரமில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.