கப்பனும் குப்பனும்

சென்ற திங்கள் நம் விஜயநகர்க் குடும்பங்கள் சில பெங்களூருக்கு ரெயிலேறிச் சென்று, கப்பன் பூங்காவில் கட்டுச்சோறு உண்டு திரும்பின. அங்கே ஒரு சிறுவன், "இந்தக் கப்பன் நம் ஊர்க் குப்பனுக்குச் சொந்தமா, மாமா?" என்று நம்மைக் கேட்டான். எல்லாரும் சிரித்தனர். ஆயினும், வினா சிரித்து ஒதுக்கத்தக்கதன்று.

சர் மார்க் கப்பன் 1834 முதல் 1861 வரை மைசூர் நாட்டின் கமிஷனராக இருந்தவர். 1861-ல் தாயகம் திரும்பும் வழியில் சூயஸில் காலமானார். அவருடைய குடிப்பெயர் இங்கிலாந்திலும் அரிதாகக் காணப்படுவது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் உள்ள மேன் தீவுக்கு உரியது அது. அத்தீவின் பழைய மொழியில் 'மாக்' என்றால் மகன். 'மாக் கிப்பன்', அதாவது கிப்பன் மகன் என்பதே, நாளடைவில் தேய்ந்து 'கப்பன்' ஆயிற்று. கிப்பன் என்பதோ கில்பர்ட் என்னும் பெயரின் செல்லச் சுருக்கம். சுப்பிரமணியன் சுப்பனாவதைப் போன்றது. பவுல் மகன் என்று பொருள்படும் 'க்வெயில்' என்ற பெயரும் அத்தீவில் இவ்வாறே தோன்றியது. 'மாக்' மறைந்தது, அதன் இறுதி ஒலி மட்டும் பெயரின் தலையில் ஒட்டி நின்றது.

அன்பர்களே, இது நமக்குப் புதிதா? நாமும் தந்தையின் பெயரை ஒரே எழுத்தாக்கித் தலையில் சூடிக்கொள்பவர்களே! வேற்றுமை ஒன்று உண்டு. அவர்களுடைய எழுத்து தலைமுறை பலவற்றுக்கும் மாறாது நிற்கிறது. நம்முடையதோ தலைமுறைதோறும் மாறுகிறது. தந்தை பெயர் மகனோடு வரும்; பாட்டனார் பெயர் வழியிலேயே இறங்கிவிடும். சொந்த ஊரில் இருந்தவரை, திண்ணையில் அமர்ந்த பெரியவர்கள் அதை நினைவூட்டினர். பிழைப்பை நாடி வந்த இடத்தில் அத்திண்ணை ஏது?

நம் மகனுக்காக ஒரு படிவம் நிரப்பியபோது, 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தின் முன் நெடுநேரம் திகைத்து நின்றோம். நம் பாட்டனாரின் தலைப்பெழுத்துக்கு விரிவு என்னவென்று ஊருக்கு எழுதிக் கேட்டோம். சொல்லத்தக்கவர் எவரும் உயிரோடில்லை.

1927-ல் அப்பூங்காவுக்கு ஸ்ரீ சாமராஜேந்திரர் பெயர் சூட்டப்பட்டது. எனினும், மக்கள் இன்றும் 'கப்பன் பூங்கா' என்றே வழங்குகின்றனர். சொல்லும் வாய் உள்ளவரை பெயர் வாழும். கேட்பார் இல்லையேல் சொந்தப் பாட்டனார் பெயரும் மறையும்.

அச்சிறுவனை நாம் திருப்பிக் கேட்டோம்: "தம்பி, உன் தலைப்பெழுத்து யாருடையது?"

"அப்பாவுடையது."

"அப்பாவின் எழுத்து?"

"தாத்தாவுடையது."

"தாத்தாவின் எழுத்து?"

அவன் தந்தையை நோக்கினான். அவரும் சற்று விழித்தார். பிறகு கைபேசியை எடுத்து, ஊரிலிருக்கும் தம் அன்னையாரை அழைத்தார்.

உங்கள் இல்லத்திலும் இவ்வாரம் அவ்வழைப்பு நிகழட்டும். கிடைக்கும் பெயர்களைக் குழந்தைகளின் கையாலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.