பழைய காரின் மூளை

நுவரெலியாவின் மூடுபனி மனிதரோடு மோட்டார் வண்டியையும் நோயாளியாக்கிவிடுகின்றது. 2020 இல் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025 இலேயே மீண்டும் தொடங்கியதால், நம்மிற் பலர் பழைய கார்களைக் கட்டிக் காத்தே காலந் தள்ளினோம்.

சென்ற மழையில் எமது கார் ஏற்றத்தில் திணறியது. எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டி முன்னிருக்கைக் கால்விரிப்பின் கீழ் ஈரத்தில் ஊறியிருந்தது. படித்தவரென்ற துணிவில் அதன் வயர்களைப் பற்றி இழுக்க முனைந்தோம். "சேர், கையை எடுங்கோ! பற்றரி கழற்றவில்லையே!" என்று தடுத்தார் கராஜ் தம்பி.

சாவியை எடுத்து, பற்றரியின் மறைமுனை வயரைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றார் அவர். எமக்கோ பொறுமையில்லை. காரணத்தை அவரே விளக்கினார். விபத்தில் விரியும் காற்றுப்பையின் மின்சுற்றில், பற்றரி நீங்கிய பின்னும் சிறிது மின்சாரம் தேங்கி நிற்கும். அது வடியச் சில நிமிடங்கள் வேண்டும். எத்தனை நிமிடமென்பதை அவ்வண்டியின் கைந்நூலே சொல்லும். மஞ்சள் நிற இணைப்புகள் பெரும்பாலும் காற்றுப்பைக்குரியவை. அவற்றைத் தொடுதல் ஆகாது. தவறினால் பை முகத்தில் வெடித்து விரியக்கூடும்.

பின்பு வண்டியின் வெற்றிரும்பைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கி, பூட்டுநெம்பை விடுவித்தார். இணைப்பு இலகுவாகக் கழன்றது. செம்பு முனைகளிற் பச்சைக் களிம்பு! அதனைத் துப்புரவாக்கி, நன்றாய் உலரவிட்டுப் பூட்டினார்.

இப்போது கார் தடையின்றி மலையேறுகின்றது. வானொலி மட்டும் தன் இரகசிய இலக்கத்தைக் கேட்டு மௌனம் சாதிக்கின்றது. அதனை எழுதிவைத்த தாளை வீடெங்கும் தேடிக்கொண்டிருக்கின்றோம்.