தம்பி, நீ மைக் செட்டைப் பாரு!

போன மாசம் லீவுல காரைக்கால் வந்தப்ப, பஸ் பிடிச்சு தரங்கம்பாடி போயிட்டு வந்தோம். சீகன்பால்கு அங்கே வந்திறங்கியது 1706 ஜூலை 9. மறுநாள்தான் அவருக்கு 24 வயசு! அடுத்த வருஷமே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிஞ்சது.

கூட வந்த நண்பன் மெதடிஸ்ட் பரம்பரை. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைஞ்ச சபைகள்ல அவங்களுதும் ஒண்ணு. "இன்னிக்கு 24 வயசுப் பையன் யோசனை சொன்னா, தம்பி நீ மைக் செட்டைப் பாருன்னுடுவாங்கடா"ன்னு சிரிச்சான். கேரல் ரவுண்ட்ஸுக்கும் ஸ்டார் கட்டவும் இளைஞர்கள் வேணும், கமிட்டிக்கு மட்டும் வேணாம் :-)

அதுக்காக, வயசு குறைஞ்சிருந்தா போதும்னு சொல்ல வரலை. அதே மிஷனில்தான் 1733-ல் ஆரோன் முதல் தமிழ்ப் போதகரானார். அங்கே ஊழியம் செஞ்ச ராஜநாயக்கனுக்கு, தாழ்த்தப்பட்ட சாதிங்கிறதால அந்த இடம் கிடைக்கலை. கோயிலுக்குள்ளேயும் சாதிவாரியா உட்கார வச்சாங்க. நம்பிக்கை குடுக்க வந்தவங்களே தடுக்கி விழுந்த இடம் இது.

போன கிறிஸ்துமஸுக்கு நண்பனோட சபைப் பசங்க, வழக்கமா விட்டுப்போற தெருவிலிருந்துதான் கேரலை ஆரம்பிச்சாங்களாம். யார்கிட்டயும் அனுமதி கேக்கலை. முந்நூறு வருஷப் பாக்கியில ஒரு தவணை கட்டியிருக்காங்கன்னு தோணுச்சு.

பெரியவங்களே, மைக் செட்டைப் பாத்துக்குற பசங்க கையில மைக்கையும் குடுங்களேன். எங்க ஊர்க் கோயில் கமிட்டிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.