அலகில்லாத பறவைகள்

இன்றைய தமிழ்க் கவிதையில் பறக்கும் பறவைகளுக்குப் பெரும்பாலும் அலகு கிடையாது. கால் கிடையாது, இரை கிடையாது, எச்சமும் கிடையாது. சிறகு மட்டும் உண்டு. அந்தச் சிறகும் கவிஞரின் விடுதலைக்கோ தனிமைக்கோ ஆன்மாவுக்கோ வாடகைக்கு விடப்பட்டது. எந்தப் பறவை என்று கேட்டால், கேட்டவன் ரஸனையற்றவன் ஆகிவிடுகிறான்.

இதற்கு எதிர்முகாம் என்று தம்மை நினைத்துக்கொள்பவர்கள் பயணக் கட்டுரைக்காரர்கள். ஞாயிறு விடியலில் நாவலூர் அடுக்குமாடியிலிருந்து கிளம்பி, கேளம்பாக்கம் உப்பளத்திலும் முட்டுக்காட்டுக் கழிமுகத்திலும் பைனாகுலரோடு நின்று, இங்கிலீஷ் பெயர்களை எண்ணிக் குறித்துக்கொண்டு திரும்புகிறார்கள். இதில் குற்றமில்லை, எண்ணுவது கவனத்தின் முதல் படி. ஆனால் தமிழில் எழுத உட்கார்ந்ததும் பட்டியல் எங்கோ போய்விடுகிறது. மனம் லேசானது, இயற்கை அன்னை மடியில் ஏந்தினாள், இத்யாதி. பூநாரையைப் பார்க்கப் போனவர் தன்னைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கவிஞரும் இவரும் பகையாளிகள் அல்ல, பங்காளிகள்.

இது ரஸனை பற்றிய தகராறு மட்டும் என்றால் விட்டுவிடலாம். நாவலூர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பின் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, நாவலூருக்குக் கிழக்கே தெற்கு நோக்கி ஓடி, முட்டுக்காட்டருகே கடல் சேரவேண்டும். அந்தச் சதுப்பைச் சும்மா கிடக்கும் நிலம் என்று பார்த்த கண்தான் அதன்மேல் குப்பையைக் கொட்டியது, கட்டடம் எழுப்பியது. நத்தைகுத்தி நாரை நிற்கிற இடத்தில் நத்தை இருக்கிறது, நத்தை வாழும் ஆழத்துக்கு நீர் இருக்கிறது என்று படிக்கத் தெரிந்த கண்ணுக்கு அது சும்மா கிடக்கும் நிலமல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தண்ணீர் தன் இடத்தைத் தேடி வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த இடத்துக்குப் பெயர்ப்பலகையாகப் பறவைகள் அத்தனை காலமும் நின்றுகொண்டிருந்தன. பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் ஏறியதோ 2022ல்தான்.

இதே செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல்காரர்கள் பறவை பற்றிக் கவிதை எழுதிப் பேர் வாங்கியவர்கள் அல்ல. ஏரியில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கலக்கிறது, அந்தத் தண்ணீர் பாயும் வயலில் பயிர் செழிக்கிறது என்று கண்டுகொண்டவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டர் லயனல் ப்ளேஸிடம் அவற்றைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். அரசாங்கம் அதைச் சரணாலயமாக அங்கீகரித்தது 1936ல். விவசாயியின் சுயநலம் என்பீர்கள். இருக்கட்டும். அந்தச் சுயநலத்துக்குப் பறவை வேண்டியிருந்தது. நம் சுயநலத்துக்குப் 'பறவை' என்ற சொல்லே போதும்.

கவிதை விலங்கியல் பாடமல்ல என்ற பதில் தயாராக இருக்கும். சத்திமுற்றப் புலவர் தன் வறுமையைச் சொல்லி அனுப்ப நாரையைத் தூது விட்டார். அதைவிட அந்தரங்கமான விஷயம் என்ன இருக்கிறது? ஆனாலும் அதன் அலகு பிளந்த பனங்கிழங்கு போலிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் துயரத்துக்கு வந்தார். பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நம் காலத்திலேயே அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் இருந்தார். 1950லிருந்து 1996ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் பறவைகளையும் மிருகங்களையும் பற்றி இங்கிலீஷில் எழுதிவந்தார். தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக வந்தது அவர் மறைந்தபின், 2002ல். அவர் வசனத்தில் பிராணி தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆசிரியர் குறுக்கே நிற்கமாட்டார். தமிழ் உரைநடை பற்றி நம் விமர்சகர்கள் பேசும்போது அவர் பெயர் காதில் விழுவது அபூர்வம்.

நான் கேட்பது பெரிதல்ல. மடையானை மடையான் என்றும், வக்காவை வக்கா என்றும், ஆள்காட்டியை ஆள்காட்டி என்றும் எழுதுங்கள். இவை அகராதியில் செத்துக் கிடக்கும் சொற்கள் அல்ல. வலை வீசுகிறவரிடமும் மாடு மேய்க்கிறவரிடமும் புழங்குபவை. அவரிடம் போய்க் கேட்கவேண்டும், அவ்வளவுதான். பெயர் தெரியாத பறவை ஏரியை விட்டுப் போனால், போனது எது என்றுகூடத் தெரியாது. பிறகு நிம்மதியாக இரங்கற்பா எழுதலாம், 'பறவையே' என்று விளித்து.