பெயர் உறுதியில்லை

"பெயர் உறுதியில்லை" என்ற இரண்டு சொற்களை ஒரு பூச்சாடியில் எழுதி ஒட்டுவதற்கு எவ்வளவு செலவாகும்? கொட்டாஞ்சேனையில் மொட்டைமாடியில் ஓர்க்கிட் நாற்று வளர்த்து விற்கும் என் சாச்சியைக் கேட்டால் சொல்வார். அதே வயது, அதே அளவு இலை. பெயர் எழுதிய சாடி அன்றைக்கே போய்விடும், மற்றது மாதக்கணக்கில் நிற்கும். வாங்க வருகிறவர்கள் கைத்தொலைபேசியை இலைக்கு நேரே பிடித்து, "இதோ பெயர் காட்டுகிறதே, இதையே எழுதிவிடுங்களேன்" என்பார்கள். சாச்சி எழுதமாட்டார். வீட்டில் எல்லோரும் இதைப் பிடிவாதம் என்கிறார்கள். நான் சாச்சியின் பக்கம்.

அவர் வளர்ப்பது சிலிப்பர் ஓர்க்கிட். பூவின் கீழிதழ் சப்பாத்தின் முன்பகுதி போலப் பையாக இருப்பதால் அந்தப் பெயர். ஓர்க்கிட் வித்து தூசு போன்றது. உயிரியல் வகுப்பில் படித்த வித்தகவிழையம் அதில் இல்லை. முளையத்துக்குக் கட்டுச்சோறு எதுவும் தாய்ச்செடி கொடுத்தனுப்புவதில்லை. காட்டில் ஒரு பங்கசு வந்து ஊட்டினால்தான் அது முளைக்கும். 1899இல் பிரான்சியரான நோயல் பேர்னார்ட் இதைக் கண்டறிந்தார். 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், பங்கசு இல்லாமலே சீனி கலந்த ஏகாரில் வித்தை முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். இன்றைய நாற்றுப் போத்தல்கள் எல்லாம் அதன் வாரிசுகள்தான்.

போத்தல் வந்தால் சாச்சியின் வீட்டில் சமையல் கூடப் பிந்தும். நாற்றுகளை மெதுவாக வெளியே எடுத்து, இளஞ்சூட்டு நீரில் வேரிலுள்ள ஏகாரைக் கழுவ வேண்டும். கொஞ்சம் மிஞ்சினாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். பிறகு பொச்சுத் துண்டும் கரியும் கலந்த ஒரே சாடியில் கூட்டமாக நடுவார். தனித்தனியே நட்டால் ஈரம் நிற்காமல் வாடிவிடுமாம். கொழும்புப் புழுக்கத்தைப் புள்ளி இலை வகைகள் ஓரளவு தாங்கும். குளிர்மலை வகைகளை வெள்ளவத்தைத் தொடர்மாடியின் பலகணியில் வைத்து நான் பார்த்திருக்கிறேன், பாவம். எதுவானாலும் பூவைக் காண மூன்று, ஐந்து ஆண்டுகள், சில வேளை அதற்கும் மேலே.

சிக்கல் அந்த இடைக்காலத்தில்தான். கடைகளில் காணும் பல ஓர்க்கிட்டுகளை இழைய வளர்ப்பால் ஒரே அச்சாகப் பெருக்குகிறார்கள். சிலிப்பர் ஓர்க்கிட் அதற்கு இலேசில் இணங்குவதில்லை; வித்திலிருந்துதான் பெருமளவில் வளர்க்க வேண்டும். ஆகவே ஒரு போத்தலில் இருப்பவை உடன்பிறப்புகள், ஒன்றின் பிரதிகள் அல்ல. போத்தலில் ஒட்டியிருக்கும் பெயர் பெற்றோரின் பெயர். இலண்டனிலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் கலப்பினப் பதிவேட்டிலும், ஒரே பெற்றோருக்குப் பிறந்தவை எப்படிப் பூத்தாலும் அனைத்துக்கும் ஒரே பெயர்தான். இனத்தைப் பிரித்தறிய நிபுணர்கள் பூவின் நடுவிலுள்ள சிறு கேடயம் போன்ற உறுப்பைக் கூர்ந்து பார்க்கிறார்கள். இரண்டு அங்குல இலையில் அதை எங்கே தேடுவது? கைத்தொலைபேசி சொல்வது ஊகம். அதை அட்டையில் எழுதிய நிமிடமே அது தகவல் ஆகிவிடுகிறது. பிறகு வாங்கியவரிடமிருந்து இன்னொருவருக்கும் போகிறது.

"ஒரு பூச்செடிக்கு இவ்வளவு யோசனையா?" என்று உம்மா கேட்பார். இலங்கைக் காடுகளில் சிலிப்பர் ஓர்க்கிட் இல்லை. நமக்குக் கிட்டிய உறவு தென்னிந்தியாவின் அகத்தியமலையில் இருக்கிறது: மஞ்சள் இதழில் கருங்கோடு ஓடும் பபியோபெடிலம் ட்ரூரியை. 1874இல் பெடோம் அதைச் சிப்ரிபீடியம் என்ற சாதியில் வைத்துப் பெயரிட்டார். 1892இல்தான் இன்றைய சாதிக்கு மாறியது. சேகரிப்பாளர்கள் அள்ளிக்கொண்டு போனதில் அது காட்டில் அருகிவிட்டது. இன்று பபியோபெடிலம் இனங்கள் எல்லாமே சைட்ஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் உள்ளன. காட்டிலிருந்து பிடுங்கியதை நாடு கடத்தி விற்க முடியாது. செயற்கையாக வளர்த்துக் கிருமியற்ற போத்தலில் அனுப்பும் நாற்றுக்கு விலக்கு உண்டு. ஒரு செடி போத்தலில் வளர்ந்ததா, மலையில் திருடியதா என்பதற்கு வாங்குபவர் கையில் இருக்கும் சாட்சி பெரும்பாலும் அந்த அட்டைதான். வாய்க்கு வந்ததை அட்டையில் எழுதும் பழக்கம் திருட்டுச் செடிக்கும் வசதியாகிவிடும்.

பெரியவர்கள் தயங்கியதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1670களில் டச்சுக் கம்பனியின் மருத்துவராகக் கொழும்பில் இருந்த போல் ஹேர்மன் இங்குள்ள செடிகளைச் சேகரித்து உலர்த்தி வைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து அத்தொகுப்பு லின்னேயஸின் கைக்கு வந்தது. 1747இல் அதைக் கொண்டு 'புளோரா சிலனிக்கா' எழுதினார். தீர்மானிக்க முடியாத செடிகளை அவர் ஏதோ ஒரு சாதிக்குள் திணிக்கவில்லை. சந்தேகத்துக்குரியவை என்று தனியே ஒதுக்கினார். உலகத்துக்கே இருசொற் பெயரீட்டை வழங்கியவர் அவர்.

நம் பாடசாலைகளில் உலர்தாவரச் சேர்க்கை ஒப்படை வரும்போது என்ன நடக்கிறது? பெயர் எழுதாத தாளுக்குப் புள்ளி இல்லை. ஆகவே ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின இரவு, வாப்பாவின் தொலைபேசி காட்டும் முதல் பெயரை எழுதுகிறோம். எழுத்துப்பிழை இல்லாவிட்டால் முழுப் புள்ளி. நான் கேட்பது இதுதான்: சேகரித்த இடம், திகதி, இலை ஒழுங்கு, எந்த இரண்டு இனங்களுக்கு இடையே சந்தேகம், எதைப் பார்த்தால் சந்தேகம் தீரும் என்பவற்றை எழுதி, பெயருக்கு நேரே "உறுதியில்லை" என்று வைக்கும் மாணவிக்கும் புள்ளி கொடுங்கள். ஊகித்து எழுதியவளை விட ஒன்றிரண்டு கூடவே கொடுக்கலாம். ஆசிரியைகளுக்குத் திருத்தும் வேலை கூடும், தெரியும். பெற்றோரும் "ஏன் பிள்ளை வெறுமையாக விட்டாய்?" என்று கேட்பதற்கு முன் அந்தத் தாளை ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாம்.

சாச்சியின் கடைசிப் போத்தலிலிருந்து பதினெட்டு நாற்றுகள் பிழைத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெற்றோரின் பெயர், போத்தல் திறந்த திகதி, ஓர் இலக்கம். ஏழாம் இலக்கத்தின் இலை மட்டும் மற்றவற்றைப் போல இல்லை. அதில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறார். அதை இன்னும் யாரும் வாங்கவில்லை.