அற்லாண்டா நகரில் எங்கே உண்பது?

நம்மிடம் உயர்தர வகுப்பிற் படித்துப் பின்னர் பொறியியற் பட்டமும் பெற்ற மாணவர் ஒருவர், மேற்படிப்பின் பொருட்டு ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அற்லாண்டா மாநகருக்குச் சென்றிருக்கின்றார். ஜோர்ஜியாத் தொழினுட்பக் கழகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரத்தில் எழுதிய கடிதத்திற் படிப்பைப் பற்றி இரண்டு வரியும் வயிற்றைப் பற்றி இரண்டு பக்கமும் இருந்தன. ‘சேர், நீங்கள் இங்கு வந்திருந்தபோது எங்கே சாப்பிட்டீர்கள்? பேர்பெற்ற கடைகள் எவையென்று எழுதுங்கள்’ என்பது அதன் சாரம். அவருக்கு அனுப்பிய மறுமொழியைச் சற்று விரித்து இங்கே தருகின்றோம். பிறநாட்டில் ஒரு பிள்ளையாவது இல்லாத வீடு நம்மவரிடையே இன்று அரிதாகையால், நேயர்களுள் எவருக்கேனும் பயன்படக்கூடும்.

அவருடைய கழகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், வடக்கு அவெனியூவில், ‘வாசிற்றி’ என்னும் பெருங்கடை உண்டு. 1928ஆம் ஆண்டில் பிராங் கோடி என்பவர் தொடங்கியது. அக்கழகத்திற் படிப்பை இடைநிறுத்திவிட்டு வந்து கடை வைத்தவர் அவர். (இதை நம் மாணவர் முன்னுதாரணமாகக் கொள்ளாதிருப்பாராக.) காரில் இருந்தவாறே உண்ணும் வழக்கத்தை அந்நகரிற் பரப்பிய கடை இதுவே. உள்ளே நுழைந்ததும் பணியாளர் ‘என்ன வேண்டும்? என்ன வேண்டும்?’ என்று உரத்த குரலில் விரட்டுவர். தயங்கி நிற்பவனுக்கு அங்கே இடமில்லை. அவர்களுடைய பெயர்பெற்ற பண்டம் மாட்டிறைச்சிக் கலவை பூசிய ‘ஹொட் டோக்’; நாம் அதைத் தொடவில்லை. வெங்காய வளையப் பொரியலும், குளிர்ந்த ஒறேஞ்சுப் பானமும், பீச்சுப்பழம் வைத்துப் பொரித்த பணியாரமும் நம்மை ஏமாற்றவில்லை. ஒருமுறை போகலாம்; நாள்தோறும் போனால் வைத்தியரிடமும் போக நேரும்.

பொன்ஸ் டி லியோன் அவெனியூவிலுள்ள ‘மேரி மக் தேநீரகம்’ வேறு வகையானது. பெயரைக் கேட்டுத் தேநீர்க்கடை என்று எண்ணிவிடலாகாது. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல் மேரி மக்கென்சி என்னும் பெண்மணி இதனைத் திறந்தார். பெண்ணொருத்தி போசனசாலை நடத்துவது அக்காலத்திற் கௌரவமாகக் கருதப்படாமையால், அவர்கள் தங்கள் கடைகளுக்குத் ‘தேநீரகம்’ என்ற மெல்லிய பெயரைச் சூட்டிக்கொண்டனர். அத்தகைய கடைகள் அந்நகரிற் பல இருந்தன. இது ஒன்றே எஞ்சியிருக்கின்றது. 1962 முதல் மார்கரெற் லூப்போ என்னும் இன்னொரு பெண்மணி பொறுப்பேற்று நடத்தினார். மேசையில் இருக்கும் பென்சிலால் வேண்டியவற்றை நாமே துண்டில் எழுதிக் கொடுப்பது அங்குள்ள பழைய வழக்கம். முதன்முறை வருபவருக்குச் சோளரொட்டித் துண்டுடன் ஒரு கிண்ணம் கீரைச் சாறு இலவசமாகத் தருவர். கீரை அவித்த நீரே அது. நம் வீடுகளில் வீணே கொட்டிவிடுவதை அவர்கள் விருந்தாக்கியிருக்கின்றனர்.

இங்கே மரக்கறி உண்போர்க்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்கத் தென்னாட்டில் ‘மரக்கறித் தட்டு’ என்று கேட்டால் நான்கு கறிகள் வரும்: கீரை, அவரை, வெண்டிக்காய், உருளைக்கிழங்கு. பார்க்க நம்மூர்ச் சாப்பாடுபோலவே இருக்கும். ஆனால் அந்தக் கீரை பெரும்பாலும் உப்பிட்ட பன்றியிறைச்சித் துண்டுடன் மணிக்கணக்காக வேகவைக்கப்பட்டது. சோளரொட்டியிலும் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். ஆதலால் வெட்கப்படாமற் கேட்டறிந்தே உண்ண வேண்டும். கேட்டால் மறைக்காமற் சொல்லுவர். தேநீரோ, பனிக்கட்டி நிரம்பிய நெடுங்கோப்பையில், நாக்குக் கூசுமளவு சீனியுடன் வரும். இலங்கையிற் பிறந்த நமக்கு அதைத் தேநீரென்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

நிற்க, நம் மாணவர் அவசியம் அறிய வேண்டிய ஆண்டு 1947. அவ்வாண்டில் அற்லாண்டாவில் மூன்று கடைகள் தோன்றின. மூன்றும் பொரித்த கோழிக்குப் பேர்பெற்றவை. பண்டம் ஒன்றே, ஆனால் அதை உண்ண யார் அமரலாம் என்பதில் அவை வேறுபட்டன.

அப்போது ஹன்ரர் வீதி என வழங்கிய தெருவில், ஜேம்ஸ், றொபேட் என்னும் பாஸ்கல் சகோதரர் முப்பது ஆசனங்கள் கொண்ட சிறு கடையொன்றைத் திறந்தனர். கறுப்பினத்தவராகிய அவர்களின் கடையில் அடுப்பே இருக்கவில்லை. றொபேட்டின் வீட்டிற் சமைத்து, சொந்த வண்டி இல்லாமையால் வாடகைக் காரிலே உணவைக் கடைக்கு ஏற்றி வந்தனர். கோழிப் பொரியல் வைத்த சான்ட்விச் ஒன்றின் விலை 52 சதம். வியாபாரம் பெருகி, 1959இல் எதிர்ப்புறத்திற் பெரிய கட்டடத்திற்கு மாறினர். அதே தெருவில் லூசி ஜக்சன் என்னும் பெண்மணி தொடங்கியது ‘பிசி பீ’ உணவுச்சாலை.

1960களில் உரிமைப் போராட்டம் மூண்டபோது, மார்ட்டின் லூதர் கிங்கும் அவருடைய தோழர்களும் பாஸ்கல் கடையிற் கூடித் திட்டமிட்டனர். மறியல் செய்து சிறை சென்ற மாணவர் விடுதலையாகி வரும் இரவுகளிற் சகோதரர் கடையை மூடாமல் வைத்திருந்தனர். பெற்றோர் அங்கே காத்திருப்பர். வந்து சேர்ந்த பிள்ளைகளுக்குப் பணம் பெறாமற் சோறிட்டனர். ஓர் உணவுச்சாலையின் புகழுக்கு இதனினும் மேலான காரணத்தை நாம் கேள்வியுற்றதில்லை.

அம்மாணவர் எதற்காகச் சிறை சென்றனர்? உண்பதற்காகவே. நகரின் நடுவில் ‘றிச்ஸ்’ என்னும் மாபெரும் பல்பொருள் அங்காடி இருந்தது. கறுப்பினத்தவர் அங்கே துணி வாங்கலாம், கடனுக்கும் வாங்கலாம். ஆனால் அங்காடியினுள் இருந்த ‘மக்னோலியா’ போசன அறையில் அவர் அமரலாகாது. 1960 ஒக்டோபர் 19ஆந் திகதி மாணவருடன் சென்று உணவு கேட்ட கிங் கைதானார். ஏனையோர் சில நாட்களில் விடுவிக்கப்பட, அவருக்கு மாத்திரம் முன்னைய சாரதி அனுமதிப்பத்திரக் குற்றமொன்றைக் காட்டி நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தனர். அப்போது சனாதிபதித் தேர்தலுக்கு நின்ற ஜோன் கென்னடி, கிங்கின் துணைவியாரைத் தொலைபேசியில் அழைத்து ஆறுதல் கூறினார். கறுப்பின வாக்காளர் பலரை அவர்பால் திருப்பியது அவ்வழைப்பு என்பர். 1961ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்நகரத்து அங்காடிகளின் உணவு மேசைகள் யாவர்க்கும் திறந்தன. றிச்ஸ் இன்று இல்லை; நகர்நடுவில் இருந்த அதன் கடை 1991இல் மூடப்பட்டது.

1947இன் மூன்றாவது கடை ‘பிக்றிக்’. உரிமையாளர் லெஸ்ரர் மடொக்ஸ் என்னும் வெள்ளையர். மலிவும் சுவையும் உடைய சாப்பாடு என்று தொழிலாளர் திரண்டு வந்த இடம். பொது இடங்களிற் பாகுபாட்டைத் தடைசெய்த குடியுரிமைச் சட்டம் 1964 யூலை 2ஆந் திகதி கையொப்பமாயிற்று. மறுநாள், இறையியல் கற்கும் மூன்று கறுப்பின மாணவர் பிக்றிக்கிற்கு உண்ணச் சென்றனர். மடொக்ஸ் கைத்துப்பாக்கியுடன் எதிர்வந்து அவர்களைத் துரத்தினார்; அவர் பக்கத்தவர் கோடரிப்பிடிகளுடன் நின்றனர். நீதிமன்றம் கட்டளையிட்ட பின்னரும், கறுப்பினத்தவர்க்குப் பரிமாறுவதிலும் கடையை மூடுவதே மேலென்று மூடினார். அதே மனிதரை 1967இல் ஜோர்ஜியா மாநிலத்தின் ஆளுநராக்கினர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சோற்றை மறுத்தவர் தோற்றார் என்று எளிதிற் கதையை முடித்துவிட இயலவில்லை.

பிக்றிக் இருந்த காணியை ஜோர்ஜியாத் தொழினுட்பக் கழகமே வாங்கிற்று. கட்டடம் 2009இல் இடிக்கப்பட்டது. இன்று அவ்விடம் மரஞ்செடிகள் வளர்ந்த சோலை. அம்மூன்று மாணவரின் நினைவாக ஒரு சின்னமும் அங்கே உண்டு. நம் மாணவர் விரிவுரைக்குப் போகும் வழியில் அதைக் காணலாம். ஒருநாள் நின்று பார்க்குமாறு எழுதியிருக்கின்றோம்.

இவற்றைப் படித்து, ‘அமெரிக்கர் எத்துணைக் கொடியர்!’ என்று நாம் வியப்பதற்கு உரிமை உண்டா என்பது வேறு. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒருசாராரை உள்ளே இருத்தாது, வெளியில் நிறுத்தித் தனிக் குவளையில் ஊற்றிக் கொடுத்த வழக்கத்தை நம் மூத்தோர் நன்கறிவர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் 1957இல் வந்தது. அமெரிக்கச் சட்டத்திற்கு ஏழாண்டு முன்னர். சட்டம் வந்த பின்னரும் அறுபதுகளின் இறுதியில் நம்மூரிற் கடைவாசல்களிலே போராட வேண்டியிருந்தது. நம் மாணவருக்கு இதனையும் எழுதினோம். பாஸ்கல் கடையிற் கோழி உண்பதோ விடுவதோ அவர் விருப்பம்.

பாஸ்கல் கடை பழைய இடத்தில் இல்லை. பழைய கட்டடம் 1996இல் ஒரு பல்கலைக்கழகத்திற்கு விற்கப்பட்டது. 2002இல் காசில்பெறி ஹில் என்னும் பகுதியிற் புதிய பாஸ்கல் எழுந்தது. ஹன்ரர் வீதிக்கு இப்போது மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர். பிசி பீ உணவுச்சாலைக்கு 2022இல் ஜேம்ஸ் பியேட் நிறுவனத்தின் ‘அமெரிக்க மரபுச் சின்னம்’ என்னும் விருது கிடைத்தது. 2023இல் பிரெஞ்சுக்காரரின் மிஷெலின் வழிகாட்டி முதன்முறையாக அற்லாண்டாவுக்கு வந்து ஐந்து உணவகங்களுக்கு ஒவ்வொரு நட்சத்திரம் சூட்டியது. அவற்றின் விலைப்பட்டியல் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உரியதன்று, ஆகையால் விட்டுவிடுகின்றோம். அதே ஆண்டில், குறைந்த விலைக்கு நல்லுணவு தரும் இடங்களின் வரிசையில் பிசி பீயையும் அவ்வழிகாட்டி சேர்த்தது.

நள்ளிரவிற் பசித்தால் ‘வாபிள் ஹவுஸ்’. 1955இல் அற்லாண்டாவை அடுத்த அவொண்டேல் எஸ்ரேற்ஸ் என்னுமிடத்திற் பிறந்தது. இரவும் பகலும் திறந்திருப்பதே அதன் பெருமை. பியூபோட் நெடுஞ்சாலை நெடுகிலும் கொரியர், வியட்நாமியர், மெக்சிக்கர், சீனர் ஆகியோரின் கடைகள் மைல்கணக்கில் நீளும். நகருக்குக் கிழக்கே டிக்கேற்றரில் இந்தியர் வியாபாரம் செழித்திருக்கின்றது. தோசையும் சாம்பாரும் வேண்டுவோர் அங்கே செல்லலாம். சட்னி சற்றுத் தித்திக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாக இரண்டு சொல். விலைப்பட்டியலில் உள்ள தொகையோடு வரியும், பரிமாறியவருக்கு நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை அன்பளிப்பும் சேர்த்தே கணக்கிட வேண்டும்; அன்பளிப்பைக் கொடாது எழுந்து வருவது அங்கே பெரும் மரியாதைக்குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய வழிபாடு முடிந்ததும் ஊரே உணவுச்சாலைகளுக்குத் திரண்டு வரும். அன்று நண்பகலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விட்டால் நிற்க வேண்டியதில்லை.